பொத்தானின் கை நீளம்

எங்கள் தையல்கடை அக்காவுக்கு ஒரு நாள் முழுக்க யார்மீதும் சந்தேகம் வரவில்லையென்றால், அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். துணிக்கடையில் மூன்று மீட்டர் என்று கிழித்துக் கொடுத்ததை வீட்டுக்கு வந்து மறுபடி அளப்பாள். குறைந்தால் சண்டை. சரியாக இருந்தால் அதைவிடப் பெரிய கவலை. "கரெக்டா இருக்கேடி, ஏன்?" என்று என்னைக் கேட்பாள். ஒரு விரற்கடை கூடுதலாக இருந்துவிட்டால் போச்சு. "நனைச்சா சுருங்குற துணி, அதான் தாராளமா குடுத்துட்டான்" என்று சாயங்காலம் வரை புலம்பல் நடக்கும். பக்கத்து வீட்டுக்காரி "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும், "இவ எதுக்கு இதைக் கேட்டா?" என்பாள் அக்கா. சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்குக்கூடவா காரணம் வேண்டும் என்று நான் சொன்னால், என்னையும் ஒரு பார்வை பார்ப்பாள்.

தெருவில் அவளுக்குக் கத்திரியக்கா என்று பேர். கையில் ஒரு கத்திரி, வாயில் ஒரு கத்திரி. இரண்டும் துருப்பிடித்து நான் பார்த்ததில்லை.

வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு தையல் மிஷின், நடுவில் துணி வெட்டும் மேசை, சுவரில் ஆணியில் தொங்கும் பழுப்புக் காகித அச்சுகள், மூலையில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடி வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்க்க என்றுதான் பேர். ஆனால் அக்கா அதைக் கொஞ்சம் சாய்த்து மாட்டியிருந்தாள். மிஷினில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் வாசற்கதவும் என் மடியும் அவளுக்குத் தெரியும். சட்டை போட்டுப் பார்க்க வந்தவர்கள் அதில் தங்களைத் தேடிக் கழுத்தை வளைப்பார்கள். பெரிய கத்திரியை ஒரு நாடாவால் மேசைக்காலோடு கட்டிவைத்திருந்தாள். நூல் வெட்ட வேண்டுமானால் நான்தான் மேசைக்குக் குனிய வேண்டும், கத்திரி என்னிடம் வராது.

என் வேலை பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது, பொத்தான் தைப்பது, ஓரம் மடித்து அடிப்பது. எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த பெண்ணை, ஒரு நூல்கண்டு காணோம் என்று நிறுத்திவிட்டாள். "அவளுக்குக் கை நீளம். கை நீளமா இருக்கிறவங்களை வீட்டுல வச்சுக்கவே கூடாது" என்று முதல் நாளே எனக்குச் சொல்லித்தான் ஊசியைக் கொடுத்தாள். சாயங்காலம் நான் கிளம்பும்போது, "பை கனமா இருக்கா, தூக்கி விடட்டுமா?" என்பாள். நானும் பையைத் திறந்து காலி டப்பாவைக் காட்டிவிட்டுப் போவேன். கோபம் வராதா என்றால், வரும். ஆனால் அவள் என்னை மட்டுமா சந்தேகப்பட்டாள்? பால்காரர், மின்சார ரீடிங் எடுக்க வருபவர், கட்டின கணவர், அவருடைய அக்கா, எல்லாருக்கும் ஒரே அளவுதான். சந்தேகத்தில் அவளிடம் ஓரவஞ்சனை கிடையாது.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பிறத்தியார் துணியில் ஒரு நூல் எடுத்தவள் இல்லை அவள். வெட்டி மிஞ்சின துண்டுகளைக்கூட மூட்டையாகக் கட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஒருநாள் கரண்ட் போய் மிஷின் நின்றிருந்தபோது அவளே ஒரு கதை சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் பெரிய துணி ஆலை ஒன்றில் வேலை பார்த்திருக்கிறாள். வேலை முடிந்து வெளியே வரும்போது வாசலில் சோதனை. "கையைத் தூக்கு" என்பார்களாம். ஒருநாள் ஒரு நூல்கண்டு காணவில்லை என்று மேஸ்திரி எல்லார் முன்னாலும் இவள் பேரைச் சொல்லிவிட்டார். மறுநாள் அது மிஷினுக்கு அடியில் கிடந்தது. கிடைத்துவிட்டது என்பதை மட்டும் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. "அன்னைக்கே முடிவு பண்ணேன், இனிமே நான்தான் அடுத்தவங்களைப் பாக்கணும், என்னை யாரும் பாக்கக்கூடாது" என்றாள். எனக்கு முன்னால் இருந்த பெண்ணை நிறுத்தியதும் ஒரு நூல்கண்டுக்காகத்தானே என்று கேட்க நாக்கு துடித்தது. வேலை வேண்டுமே என்று விழுங்கிக்கொண்டேன்.

அக்காவுக்கு ஒரே மகள். பிறந்தபோது குட்டியாக, உருண்டையாக இருந்ததால் பொத்தான் என்று அவளுடைய அப்பா வைத்த பேர் நிலைத்துவிட்டது. ஏழு வயது. பள்ளிவிட்டு வந்ததும் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, டப்பாவில் கலந்து கிடக்கும் பொத்தான்களை நிறவாரியாகப் பிரிக்கும். பிரித்துக்கொண்டே பாடும், பாடிக்கொண்டே கேள்வி கேட்கும்.

"சித்தி, பொத்தானுக்கு எதுக்கு நாலு கண்ணு?"

"ரெண்டு கண்ணு உங்கம்மாவைப் பாக்க, ரெண்டு கண்ணு என்னைப் பாக்க" என்பேன். அது மேசைக்கு அடியிலிருந்து சிரிக்கும். நாள் முழுக்க மிஷின் சத்தம் கேட்ட காதுக்கு அந்தச் சிரிப்பு ஒரு மருந்து.

குளிர்காலத்துக்கு முன்கூட்டியே முழுக்கைச் சீருடை தைக்கும் மாதம் அது. கடை நிறையப் பிள்ளைகளும் அம்மாக்களும். அக்கா அளவெடுத்துச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். தோள் பத்து, மார்பு இருபத்தஞ்சு, கை நீளம் பதினாலு. கடைசியாகத் தன் மகளைக் கூப்பிட்டு நிற்கவைத்தாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை டேப்பை ஓட்டியவள் புருவத்தைத் தூக்கினாள்.

"போன வருஷம் பதினாலு. இப்ப பதினஞ்சரை. அடேயப்பா, இவளுக்குக் கை நீளமாயிட்டே போகுதே!" என்றாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால் அவளுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "இப்பவே இப்படின்னா வளர வளர என்ன ஆகுமோ. எங்க அலமாரியைப் பூட்டுறதோட இனிமே இவளையும் சேத்துப் பூட்டணும் போல." அம்மாக்கள் சிரித்தார்கள். அக்கா மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள். பொத்தான் மட்டும் சிரிக்கவில்லை. வெட்கம் போல என்று நினைத்தேன்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, பக்கத்துக் காவல் நிலையத்துப் போலீஸ்காரர் ஒருவர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். வாசற்படியில் குனிந்து உள்ளே வரும் உயரம். "கை நீளம் இருபத்தஞ்சு" என்றாள் அக்கா. மேசைக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவரையே வாய்திறந்து பார்த்துவிட்டு, பொத்தான் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடியது. "காக்கியைப் பார்த்தா பயம்" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். நாங்களும் சரியென்று விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு மேசைக்கு அடியில் பாட்டு நின்றது. பொத்தான் பிரிக்க வரவில்லை. ஒரு பிஸ்கட்டை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்களே வாயில போடுங்க சித்தி" என்றது. செல்லம் கொஞ்சுகிறது என்று ஊட்டிவிட்டேன். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தது. அத்தனை புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றமாட்டேன் என்றது. தானே குளித்துக்கொள்வேன் என்று கதவைச் சாத்திக்கொண்டது. அம்மா டேப்பைக் கையிலெடுத்தால் அறையைவிட்டே போய்விடும்.

அக்காவின் மூக்கு விடைத்தது. "கவனிச்சியா? என் கண்ணைப் பாக்க மாட்டேங்குறா. என்னமோ பண்ணிட்டு மறைக்கிறா. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள்.

"ஏழு வயசுப் பிள்ளைக்கு என்னக்கா குத்தம்?"

"நீ எதுக்கு அவளுக்கு வக்காலத்து வாங்குற?" என்று கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

இதற்கு நடுவில் சோப்பு கரையத் தொடங்கியது. புதுச் சோப்பு நாலு நாளில் வில்லையாகத் தேய்ந்துவிடும். எங்கள் வேலைக்குக் கை சுத்தம் முக்கியம், வெள்ளைத் துணியில் ஒரு விரல் பட்டாலும் தெரியும். அதனால் பின்கட்டில் எனக்கும் சேர்த்து ஒரே சோப்புதான். "நீ வந்தப்ப உன்னை எதுக்குச் சேத்துக்கிட்டேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? உன் பழைய முதலாளியம்மா உன்னைக் கை சுத்தம்னு சொன்னாங்க" என்றாள் அக்கா ஒருநாள், சோப்பு வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி. அது பாராட்டு இல்லை என்று எனக்குப் புரிந்தது. கையைக் கழுவிவிட்டு வரும்போது ஈரக்கையை விரித்துக் காட்டிவிட்டு வந்தேன். சோப்பைப் பையில் போட்டுக்கொண்டு போகிற அளவுக்கு நான் என்ன வக்கற்றவளா?

பிறகு எலாஸ்டிக் குறைந்தது. பாவாடை இடுப்புக்கு வைக்கிற வெள்ளை எலாஸ்டிக், மேசை இழுப்பறையில் உருளையாக இருக்கும். யாரோ துண்டு துண்டாக வெட்டியிருந்தார்கள், வெட்டு கோணலாக இருந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. அவள் பேசினால் பிழைத்துக்கொள்ளலாம், பேசாமல் இருந்தால்தான் ஆபத்து.

ஒருநாள் காலையில் நான் கடைக்குள் நுழையும்போது உள்ளறையில் ஒரே சத்தம். பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று அக்கா மகளின் சட்டையைப் பிடித்து வலுக்கட்டாயமாகக் கழற்றியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "இங்க வந்து பாரு" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. பிள்ளையின் இரண்டு மணிக்கட்டிலும், முழங்கைக்கு மேலேயும், வளையம் வளையமாகச் சிவந்து கன்றிப்போயிருந்தது. ஒரு இடத்தில் தோல் உரிந்திருந்தது.

"யாரு? யாருடி கட்டுனா? சொல்லு. சொல்லப்போறியா இல்லையா?" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள் அக்கா. பொத்தான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, குத்துக்கல்லாட்டம் நின்றது. யாரோ இந்தக் குழந்தையைக் கட்டிவைத்திருக்கிறார்கள். யார் என்று தெரியும் வரை அது யாரோடும் பத்திரமாக இல்லை.

பஸ் ஓட்டப் புறப்பட்டுக்கொண்டிருந்த அண்ணன், அக்காவின் கணவர், பிள்ளைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். "அப்பாகிட்ட சொல்லுடா" என்றார். அது அழுதது, சொல்லவில்லை. "மெதுவா கேளு, சத்தம் போடாத" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். போனவரின் முதுகை அக்கா பார்த்த பார்வை இருக்கிறதே, நான் அவர் இடத்தில் இருந்தால் திரும்பியே வந்திருக்க மாட்டேன்.

முதலில் பள்ளிக்கூடம். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். டீச்சர் சின்ன வயசுக்காரர், பயந்துபோனார். "நாங்க பிள்ளைங்களைத் தொடுறதே இல்லைங்க. நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். முன்னெல்லாம் எந்தக் கேள்வி கேட்டாலும் முதல் ஆளா கையைத் தூக்குவா. இப்ப ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காந்துக்கிறா. பென்சில்கூடப் பக்கத்துப் பிள்ளை எடுத்துக் குடுக்கணும்" என்றார். திரும்பி வரும் வழியில் அக்கா சொன்னாள்: "பேசுறப்ப அடிக்கடி மூக்குக்கண்ணாடியைத் துடைச்சா, பாத்தியா? அவமேல ஒரு கண்ணு வைக்கணும்."

அடுத்து நாத்தனார். அண்ணனுடைய அக்கா, நல்ல உயரம், பரணில் இருப்பதை ஸ்டூல் போடாமலே எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பொத்தானைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவாள். அவள் வருகிறாள் என்றாலே, "உங்க அத்தைக்குக் கை நீளம், அலமாரியைப் பூட்டு" என்று மகளிடம்தான் சாவியைக் கொடுத்தனுப்புவாள் அக்கா. அந்த ஞாயிறு நாத்தனாரை வாசலிலேயே நிறுத்தினாள். "இனிமே பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வேணாம்." அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. கொண்டுவந்த பழத்தை வாசற்படியில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். பொத்தான் ஜன்னலிலிருந்து அத்தையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

சந்தேகம் தொற்றுநோய் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் நல்ல மனுஷன், அதிர்ந்து பேசாதவர். ஆனாலும் ஒரு மாலை அவர் தேநீர்க் கோப்பையை வாங்கும்போது அந்த விரல்களின் தடிமனை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு எனக்கே அருவருப்பாக இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த வீட்டில் வெளிச்சத்தில் இருந்ததும் எங்களுக்குப் பேயாகத்தான் தெரிந்தது.

எல்லாரையும் சுற்றிவிட்டுக் கடைசியில் அந்தச் சந்தேகம் என்னிடம் வந்து நின்றது. வராமல் எப்படி இருக்கும்? அக்கா நூல் வாங்கக் கடைவீதிக்குப் போகும் நேரமெல்லாம் பிள்ளை என்னோடுதானே இருக்கிறது.

அன்று சனிக்கிழமை, பள்ளி இல்லை. பொத்தான் உள்ளறை வாசலில், கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அக்கா மிஷினை நிறுத்தினாள். இழுப்பறையைத் திறந்து, மெலிந்துபோன எலாஸ்டிக் உருளையை எடுத்து என் மடியில் போட்டாள்.

"இது என்ன?"

"எலாஸ்டிக்."

"பிள்ளை கையில இருக்கிற தடமும் இதே அகலம்தான். நான் அளந்து பாத்துட்டேன். கால் இஞ்சு. இந்த இழுப்பறையில நானும் நீயும்தான் கைவைக்கிறோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, நானா அந்தப் பிள்ளையைக் கட்டிப்போடுவேன்?"

"சோப்பு போச்சு. எலாஸ்டிக் போச்சு. நீ இல்லன்னா யாரு? நான் வெளிய போறப்ப அவ எழுந்து நடமாடக்கூடாதுன்னு கட்டிவச்சிட்டு, அந்த நேரத்துல எதை எதை எடுத்தியோ. பாவம்னு வேலை குடுத்தேன். உனக்குக் கை நீளம்னு முதல் நாளே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பையை எடுத்துட்டு கெளம்பு."

ஊசியை அதற்கென்று வைத்திருந்த பஞ்சுமெத்தையில் குத்தினேன். வேலை போவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பிள்ளையைக் கட்டிப்போட்டவள் என்ற பேரோடு அந்தத் தெருவில் எப்படி நடப்பது? பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, உள்ளறை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சித்திக்கு இல்லம்மா."

பொத்தான் எழுந்து வந்தது. முகமெல்லாம் நனைந்திருந்தது. மேசைமேல் கிடந்த டேப்பை, எத்தனையோ நாளாகத் தொடாத டேப்பை, எடுத்து அம்மாவிடம் நீட்டியது.

"சித்திக்குக் கை நீளம் இல்ல. எனக்குத்தான். அளந்து பாரு."

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"நீதானம்மா அன்னைக்கு எல்லார்கிட்டயும் சொன்ன, எனக்குக் கை நீளமாயிட்டே போகுதுன்னு. என்னையும் சேத்துப் பூட்டணும்னு. முன்னாடி இருந்த அக்காவைக் கை நீளம்னுதானே அனுப்புன. அத்தைக்கும் கை நீளம்னுதானே வரவேணாம்னு சொல்லிட்ட." விம்மலில் வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "நான் எதையும் எடுக்கலம்மா. எடுத்துருவேனோன்னு பயமா இருந்துச்சு. அதான் எதையும் தொடல. சாப்பிட்டா கை வளரும்னு கொஞ்சமா சாப்பிட்டேன். தூங்குறப்ப வளராம இருக்க எலாஸ்டிக் போட்டு இறுக்கிக் கட்டுவேன். எலாஸ்டிக் மட்டும்தான் எடுத்தேன். சோப்பு நான் எடுக்கல, கைதான் கழுவுனேன். கை சுத்தமா இருந்தா வச்சுக்குவீங்கல்ல? சித்தியைக் கை சுத்தம்னுதானே வச்சுக்கிட்ட?"

பள்ளிப் பையைத் திறந்து பென்சில் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தது. உள்ளே நாலு எலாஸ்டிக் வளையங்கள், முனைகளில் பல்லால் கடித்து இறுக்கின முடிச்சுகளோடு.

"என்னை அனுப்பிடாதம்மா" என்றது.

நான் பையை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. அப்போதும் பாருங்கள், அக்காவுக்குப் பழக்கம் விடவில்லை. "யாருடி... யாரு உனக்கு இதையெல்லாம் சொல்லிக்குடுத்தது?" என்றாள்.

"நீதாம்மா."

அக்காவின் கண் தானாகக் கண்ணாடிக்குப் போனது. அதில் வாசற்கதவும் என்னுடைய காலி நாற்காலியும்தான் தெரியும். அவளுடைய முகம் தெரியாதபடி அவளேதான் மாட்டியிருந்தாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் தேடியவள், நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தாள். மகளின் இரண்டு கைகளையும் பிடித்து, சட்டையை மேலே தள்ளி, அந்தச் சிவப்பு வளையங்கள்மேல் முகத்தை வைத்துக்கொண்டாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். அன்றைக்கு அவள் தரையில் உட்கார்ந்து அள்ளிக்கொண்டிருந்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள். "அது சட்டைக்கு எடுக்கிற அளவுடி. எல்லாப் பிள்ளைக்கும் கை வளரும். வளரலன்னாதான் அம்மா பயப்படணும். நான் அத்தையைச் சொன்னது, அந்த அக்காவைச் சொன்னது, அது வேற. அது..." நிறுத்தினாள். வேறு என்ன என்று அவளுக்கே சொல்ல வரவில்லை. அத்தை என்ன எடுத்தாள்? அந்தப் பெண் நூல்கண்டு எடுத்ததை யார் பார்த்தார்கள்? என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "அது அம்மா சும்மா சொன்னது. தப்பா சொன்னது" என்றாள். பிறகு டேப்பை மகளின் கையில் கொடுத்துத் தன் வலது கையை நீட்டினாள். "நம்பலன்னா என்னை அளந்து பாரு."

பொத்தான் தயங்கியது. எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் அக்காவை யாரும் அளந்ததில்லை. பிறகு பக்கத்தில் வந்து நின்று, டேப்பின் முனையை அம்மாவின் தோளில் வைத்து மணிக்கட்டு வரை ஓட்டியது. எண்ணைப் பார்த்தது. நம்பமுடியாமல் மறுபடி பார்த்தது. இருபத்திரண்டு. தன்னைவிட, கடைக்கு வந்த எல்லாப் பிள்ளைகளையும்விட அதிகம். அதன் கண் விரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எனக்குக் கேட்காது என்று நினைத்து, அம்மாவின் காதருகே குனிந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா."

அக்காவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "சொல்லுடி தங்கம். எல்லார்கிட்டயும் சொல்லு. நாளைக்கு அத்தை வீட்டுக்குப் போவோம், அங்க போய் முதல்ல சொல்லு. உங்கம்மாவுக்குக் கை நீளம் இல்ல, வாய்தான் நீளம்னு சொல்லு."

பொத்தான் அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு டேப்பை எடுத்து, வாயின் ஒரு ஓரத்தில் முனையை வைத்து, மறு ஓரம் வரை கவனமாக இழுத்துப் பிடித்தது.

"ரெண்டே கால் இஞ்சுதாம்மா இருக்கு" என்றது.